எல்லாக் குழந்தைக்கும் இடமுள்ள அங்கன்வாடி: பெற்றோரும் பணியாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஊரில் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறோம். ஏழை வீட்டுக் குழந்தைகள் பலருக்கு, வீட்டு வாசலைத் தாண்டி உட்காரப் பழகும் முதல் இடம் அதுதான். அந்த இடத்திலேயே "இவனை எங்களால பார்த்துக்க முடியாதும்மா" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பும் தாய்மார்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறன் உள்ள குழந்தை, தமிழ் தெரியாத குழந்தை, "அந்தத் தெரு"க் குழந்தை என்று காரணம் மட்டும் மாறும்.

கீழே இருப்பவை பெற்றோரும் பணியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை. குழந்தை மையத்துக்குத் தகுந்த மாதிரி ஆகட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதை நான் ஏற்கவில்லை. குழந்தை இன்றே வரட்டும், மையம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொள்ளட்டும். எல்லாப் பதில்களும் இதை ஒட்டியே இருக்கும்.

என் மகனுக்கு மூன்று வயது. இன்னும் நடக்கவில்லை. அங்கன்வாடியில் சேர்க்க உரிமை உண்டா?

உண்டு. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு உள்ளூர் அங்கன்வாடி வழியாக இலவச உணவு தரச் சொல்கிறது. நடக்கும் குழந்தைக்கு மட்டும் என்று அதில் எங்கும் இல்லை. மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் எப்படிச் சேர்த்துப் பராமரிப்பது என்பதற்கென்றே ஒன்றிய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2023 நவம்பரில் தனி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. குறைபாட்டை முன்கூட்டியே கண்டறிவது, குழந்தையை மையத்தில் சேர்த்துக் குடும்பத்துக்குத் துணை நிற்பது, மருத்துவக் குழுவிடம் அனுப்பி வைப்பது ஆகிய மூன்றும் அதன்படி மையத்தின் வேலைகள்.

யாராவது மறுத்தால் சண்டைக்குப் போக வேண்டாம். வட்டார மேற்பார்வையாளரிடம் பேசுங்கள், அப்புறம் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான மறுப்புக்குக் காரணம் பயம். "குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னைத்தானே கேட்பார்கள்" என்று பணியாளர் நினைக்கிறார். முதல் ஒரு வாரம் அம்மாவோ பாட்டியோ கூடவே உட்கார்ந்து, குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைப்பது என்று காட்டிவிட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் போய்விடும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை. வாங்கிவிட்டுச் சேர்க்கலாமா?

வேண்டாம், இப்போதே சேருங்கள். உதவித்தொகை, பயணச் சலுகை போன்றவற்றுக்குத்தான் அட்டை தேவை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அதன்கீழ் வரும் பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்ற அளவுகோல் உண்டு. அங்கன்வாடியில் உட்காருவதற்கு எந்தச் சதவீதமும் கிடையாது.

அதற்காக அட்டையை விட்டுவிடாதீர்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் போன்றோருக்குத் தமிழ்நாடு அரசு தரும் மாதம் 2,000 ரூபாய்ப் பராமரிப்பு உதவித்தொகைக்கு அது வேண்டும். இரண்டு வேலையும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும். சான்றிதழுக்கு அலைவதில் ஒரு வருடம் போனால், மூன்று வயதுக் குழந்தைக்கு அது வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு.

இரண்டரை வயதாகியும் மகள் பேசவில்லை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்கிறார் மாமியார். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். மாமியார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தாமதமாகப் பேசி, பிறகு சரளமாகப் பேசும் குழந்தைகள் உண்டு. ஆனால் உங்கள் மகள் அந்த வகையா, காது கேட்காததால் பேசாதவளா என்பது வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பதைப் பரிசோதனையாக நம்பிவிடாதீர்கள். அதிர்வைக்கூட உணர்ந்து குழந்தை திரும்பும்.

ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்றே கால், ஒன்றரை வயதுக்குள் தனிச் சொற்கள் சிலவாவது வர வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும். இவை வரவில்லை என்றாலோ, வந்த சொற்கள் நின்றுபோனாலோ, கண்ணைப் பார்க்காமல் விரலால் எதையும் சுட்டிக்காட்டாமல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வர வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என நான்கையும் அவர்கள் பார்ப்பார்கள். குழு வரும் தேதியைப் பணியாளரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குக் குழந்தையை எப்படியாவது கூட்டிப் போய்விடுங்கள். தேவைப்பட்டால் மாவட்டத்தில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை எல்லாம் அங்கே இலவசம். காது கேளாத குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் (காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும்) அறுவை சிகிச்சையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்துகொள்ளலாம். ஆனால் 6 வயதுக்குள். "பள்ளிக்கூடம் போனால் பேசிவிடுவாள்" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு இந்த வயது வரம்பு தெரிந்திருக்க வேண்டும்.

நான் அங்கன்வாடி பணியாளர். பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்கவே பயமாக இருக்கிறது. புரை ஏறுகிறது.

உங்கள் பயம் நியாயமானது. இதைச் சரியாகத் தெரிந்துகொண்டால் பாதி பாரம் குறையும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

படுக்க வைத்து ஊட்டவே கூடாது. மடியில் சாய்த்து, தலை பின்னால் தொங்க, வாயில் ஊற்றுவது ரொம்ப ஆபத்து. உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதற்கு அதுவே பெரிய காரணம். சுவரின் மூலையில் குழந்தையை உட்கார வையுங்கள், இரண்டு பக்கச் சுவரும் தோளைத் தாங்கும். இடுப்பும் முழங்காலும் மடங்கி இருக்கட்டும். பாதம் அந்தரத்தில் தொங்காமல் தரையிலோ பலகையிலோ பதிந்திருக்கட்டும். முகவாய் லேசாக நெஞ்சை நோக்கிக் குனிந்திருக்க வேண்டும். நீங்கள் எதிரே, குழந்தையின் கண் மட்டத்தில் தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை உங்களைப் பார்க்கத் தலையைத் தூக்கும், அப்போதுதான் புரை ஏறும்.

சாதத்தைப் பருப்போடு நன்றாகக் குழைய மசித்து, சின்னக் கரண்டியில் பாதி எடுத்து, நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்தி எடுங்கள். விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். தண்ணீர் மாதிரி நீர்த்தது சிலருக்குச் சாதத்தைவிடச் சிரமம் தரும். கஞ்சிப் பதத்தில் கெட்டியாக இருப்பது சுலபமாக இறங்கும். சாப்பிட்டு முடித்ததும் உடனே படுக்க வைக்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். சாப்பிடும்போது அடிக்கடி இருமல் வந்தாலோ, குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டாலோ நிறுத்திவிட்டுச் சிகிச்சையாளரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மற்ற குழந்தைகள் சாப்பிடும் நேரத்தில், அவர்கள் வரிசையிலேயே இவனுக்கும் ஊட்டுங்கள். எல்லாரும் முடித்த பிறகு தனியாகச் சமையலறைப் பக்கம் வைத்து ஊட்டுவது வேலைக்குச் சௌகரியம்தான். ஆனால் சேர்ந்து சாப்பிடுவதற்குத்தான் அவன் இங்கே வந்திருக்கிறான்.

ஆட்டிசம் உள்ள பையன் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான். பாட்டு தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான். அடம் பிடிக்கிறானா?

அடம் இல்லை. நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் சத்தம் அவனுக்கு வலிக்கிற அளவுக்கு இருக்கலாம். ஒரே அறையில் இருபது குழந்தைகள் கைதட்டிப் பாட, உள்ளே குக்கர் விசில் அடிக்க, வெளியே டிராக்டர் போக, அவன் வேறு என்ன செய்வான்?

பாட்டு நேரத்தில் வாசல் பக்கமாக அவனுக்கு ஒரு பாய் போட்டுவிடுங்கள். போகவும் வரவும் அவனுக்கு அனுமதி இருக்கட்டும். முதல் நாளே வட்டத்துக்குள் இழுத்து உட்கார வைத்தால் நாளை மையத்துக்கு வரவே அழுவான். நாளின் ஒழுங்கு மாறாமல் இருப்பது அவனுக்குப் பெரிய ஆறுதல். பாய், பொம்மை, கை கழுவும் குழாய், தட்டு, தூங்கும் விரிப்பு எனப் படம் வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் கூட்டிப்போய்த் தொட்டுக் காட்டுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பதற்றம் குறையும். இதே படவரிசை தமிழ் தெரியாத குழந்தைக்கும் உதவும், புதிதாகச் சேர்ந்து அழும் இரண்டு வயதுக்காரிக்கும் உதவும். ஒரு குழந்தைக்காகச் செய்கிற மாற்றம் பெரும்பாலும் நாலு பேருக்குப் பயன்படுகிறது.

ஒரு பணியாளர், ஒரு உதவியாளர், இருபத்தைந்து குழந்தைகள். இதெல்லாம் நடக்கிற காரியமா?

கஷ்டம்தான். முன்பருவக் கல்வி, சத்துமாவு விநியோகம், எடை பார்ப்பது, செல்போனில் போஷன் டிராக்கர் செயலிப் பதிவு, கர்ப்பிணிகள் கணக்கு என எல்லாம் ஒரே தலையில் விழுகிறது. காலிப் பணியிடம் இருந்தால் பக்கத்து மையத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் வரும் மையத்துக்குக் கூடுதல் கை வேண்டும் என்பது அரசிடம் உரக்கக் கேட்க வேண்டிய கோரிக்கை. பணியாளரின் தியாகத்தை நம்பி மட்டும் ஒரு திட்டத்தை ஓட்டக் கூடாது.

அதுவரை கையில் இருப்பதை வைத்துச் சிலது செய்யலாம். காலை முதல் ஒரு மணி நேரம்தான் மிகக் கடினம், அந்த நேரத்துக்கு மட்டும் தாய்மாரை முறை வைத்து வரச் சொல்லலாம். ஐந்து வயதுப் பிள்ளைகள் உதவி செய்ய ஆசைப்படுவார்கள். தட்டு எடுத்து வைக்கவும், கை பிடித்துக் கூட்டிப் போகவும் விடுங்கள். ஆனால் ஒரே குழந்தையை மாற்றுத்திறன் குழந்தைக்குக் காவலாக வைத்துவிடாதீர்கள். அது இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

"அந்தப் பையனோட சேர்ந்தா என் பிள்ளையும் அப்படி ஆயிடும்" என்று ஒரு அம்மா சண்டை போடுகிறார்.

ஆகாது. ஆட்டிசமோ, பெருமூளை வாதமோ, டவுன் சிண்ட்ரோமோ ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை. அவர் பிள்ளை இரண்டு நாள் அந்தப் பையனைப் போலவே கையை அசைத்துப் பார்க்கும், பிறகு மறந்துவிடும். அந்த அம்மாவிடம் கோபப்படாமல், ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

"டீச்சர், அவ ஏன் நடக்க மாட்டேங்கிறா?" என்று குழந்தைகள் எல்லார் முன்னாலும் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

"ஷ்ஷ், அப்படிக் கேட்கக் கூடாது" என்று அடக்காதீர்கள். அடக்கினால் ஏதோ வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று புரிந்துகொள்வார்கள். "அவ காலுக்கு இன்னும் பலம் வரலை. அதனால தவழ்ந்து வர்றா. நீ பந்தை மெதுவா உருட்டு, அவ பிடிப்பா." இவ்வளவு போதும். பாவம், கடவுள் சோதனை, போன ஜென்மம் எல்லாம் வேண்டவே வேண்டாம். அந்தக் குழந்தை காது கேட்க அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

செங்கல் சூளைக்கும் பனியன் கம்பெனிக்கும் வந்த வெளிமாநிலத்துக் குழந்தைகளைச் சேர்க்கலாமா? ஆதார் இல்லை, முகவரியும் இல்லை என்கிறார்கள்.

சேர்க்கலாம். குழந்தையின் ஆதார் கட்டாயம் இல்லை, தாயின் ஆதாரை வைத்துப் பதியலாம். சொந்த ஊர் அங்கன்வாடியில் ஏற்கெனவே பதிந்திருந்தால் போஷன் டிராக்கரிலேயே இங்கே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வருபவர்கள் சில மாதங்கள்தான் தங்குவார்கள். "போகப் போறவங்கதானே" என்று விட்டுவிட்டால், அந்த மாதங்களில் குழந்தை சூளைப் புழுதியிலும் லாரிகளுக்கு நடுவிலும்தான் இருக்கும். கட்டட வேலை என்றால், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்குத் தனி அறை அமைக்க வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. மேஸ்திரியிடமும் ஒப்பந்ததாரரிடமும் அதைக் கேட்கலாம்.

அந்தக் குழந்தைக்குத் தமிழே தெரியவில்லை. இரண்டு மாதமாக வாயே திறக்கவில்லை. மந்தமா?

இல்லை. புது மொழிக்குள் வந்து விழுந்த குழந்தை பல வாரங்கள், சில நேரம் பல மாதங்கள்கூடப் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் அம்மாவோடு வாய் ஓயாமல் பேசுகிறதா என்று கேளுங்கள். பேசினால் கவலை வேண்டாம். வீட்டு மொழியிலும் பேசவில்லை என்றால்தான் மருத்துவக் குழுவிடம் காட்ட வேண்டும்.

அதற்குள் நீங்கள் அதன் மொழியில் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு இந்தியிலும் ஒடியாவிலும் 'பானி'. பசி, ஒன்றுக்குப் போகணும், வலிக்குது, அம்மா வருவாங்க என நாலைந்தை அம்மாவிடமே கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். குழந்தை கால்சட்டையை நனைத்துக்கொண்டு அழுவதற்குச் சொல் கிடைக்காததுகூடக் காரணமாக இருக்கும். அந்த ஊர்ப் பாட்டு ஒன்றை அம்மாவைப் பாட வைத்து எல்லாருமாகப் பாடிப் பாருங்கள், அன்றைக்கு அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

வீட்டிலும் தமிழே பேசுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். அம்மாவின் மொழி பலமாக இருந்தால்தான் அடுத்த மொழி சுலபமாக வரும். நீலகிரியின் இருளர், பணியர், காட்டுநாயக்கர் குழந்தைகளுக்கும், வீட்டில் வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் குழந்தைகளுக்கும் இதுவே பொருந்தும். இவர்கள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் என்பதால், தமிழ் புரியாமல் விழிப்பதை "படிப்பு ஏறாது" என்று இன்னும் சீக்கிரமாக முடிவு கட்டிவிடுகிறோம்.

மையம் காலனியில் இருப்பதால் ஊர்க்காரர்கள் பிள்ளைகளை அனுப்புவதில்லை. என்ன செய்வது?

மையத்தை இடம் மாற்றக் கூடாது. அங்கன்வாடிகளை அமைப்பதில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை வேண்டும் என்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இலும் 2006-இலும் சொல்லியிருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து மையம் இல்லாத குடியிருப்பு, கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் பெறலாம் என்பதும் 2006-ஆம் ஆண்டு ஆணைதான். காலனியில் மையம் வந்தது அப்படிப்பட்ட போராட்டத்தின் பலன்.

யார் சமைக்கிறார்கள் என்று பார்த்துச் சாப்பிட மறுப்பது இன்னும் ஓயவில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், சத்துணவுச் சமையலர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காக எதிர்ப்புக் கிளம்பியது நாடறிந்த செய்தி. அங்கன்வாடியில் இதற்கு ஒரு அங்குலம்கூட இடம் தரக் கூடாது. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்து தனியே சாப்பிட அனுமதித்தால் அதுவே வழக்கமாகிவிடும். ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே வரிசை. அழைக்கும்போது பெயர் சொல்லி அழையுங்கள். "மேலத்தெருப் பிள்ளைங்க", "காலனிப் பிள்ளைங்க" என்று பிரித்துக் கூப்பிடுவதைக் கேட்டுத்தான் மூன்று வயதில் குழந்தை சாதியைக் கற்கிறது. குப்பை பொறுக்கச் சொல்வதும், விழா நாளில் விளக்கேற்றச் சொல்வதும் யாரை என்று ஒரு வாரம் நீங்களே கவனித்துப் பாருங்கள்.

முட்டை சாப்பிடாத வீட்டுக் குழந்தைக்கு?

கட்டாயப்படுத்த வேண்டாம், கிண்டலும் வேண்டாம். பருப்பும் பயறும் கூடக் கொஞ்சம் கொடுங்கள். அதேபோல, முட்டை விரும்பிச் சாப்பிடும் குழந்தையை அதற்காகத் தள்ளி உட்கார வைக்கவும் கூடாது.

விழா நடனத்தில் "கலரா, லட்சணமா" இருக்கும் பிள்ளைகளை முன்னால் நிறுத்துவது தப்பா?

தப்பு. கறுப்பாக இருக்கும் பெண் குழந்தை நான்கு வயதில் பின்வரிசையிலிருந்து எடுத்துக்கொண்டு போகும் பாடம் பல வருடம் கூடவே வரும். உயரப்படி நிறுத்துங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை இருந்தால் முன்னால், நடுவில். சொப்புச் சாமான் பெண் பிள்ளைக்கு, பந்து ஆண் பிள்ளைக்கு என்று பிரிப்பதையும் இதோடு விட்டுவிடலாம்.

குழந்தைக்கு எச்.ஐ.வி. இருப்பதை மையத்தில் சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கல்வி நிலையத்தில் பாகுபாடு காட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சேர்ந்து சாப்பிடுவதாலும் விளையாடுவதாலும் அது பரவாது. நீங்கள் நம்பிச் சொன்ன பணியாளர் அதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. எந்தக் குழந்தைக்கு அடிபட்டு ரத்தம் வந்தாலும் கையுறை போட்டுத் துடைப்பதைப் பழக்கமாக வைத்துக்கொண்டால், யாருக்கு என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

கையில் காசில்லை. மையத்தில் முதலில் எதை மாற்றுவது?

கழிப்பறை. சாய்தளத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், அதுவும் வேண்டும்தான், அதற்கு ஊராட்சியில் கேளுங்கள். ஆனால் குழந்தைகள் மையத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவதற்குக் கழிப்பறை பெரிய காரணம். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு குழாய், வழுக்காத தரை, நடுவில் துளையிட்ட சின்ன பிளாஸ்டிக் நாற்காலி, இவ்வளவு இருந்தாலே கால் ஊன்ற முடியாத குழந்தை சமாளிக்கும். பார்வை மங்கலான குழந்தைக்கு வாசற்படி ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். வெள்ளைச் சாதத்தை அடர்நிறத் தட்டில் வையுங்கள். காது மந்தமான குழந்தையை உங்கள் முகம் வெளிச்சத்தில் தெரியும்படி எதிரே உட்கார வையுங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசாதீர்கள். கிலுகிலுப்பை, மணல், துணிப்பந்து, மரப்பாச்சி என விளையாட்டுக்குச் செலவே இல்லை. ஆனால் புளியங்கொட்டை, கோலிக்குண்டு மாதிரிச் சின்னப் பொருள்களை எல்லாவற்றையும் வாயில் போடும் குழந்தைகள் இருக்கும் அறையில் வைக்காதீர்கள்.

ஐந்து வயதாகிவிட்டது. பள்ளியில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தருகிறது. ஒன்றியத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைச் சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பே போய்ப் பாருங்கள். அந்த மாதங்களில் ஒரு சில நாள் மையத்துப் பிள்ளைகளோடு சேர்த்தே பள்ளிக்குக் கூட்டிப் போய், வகுப்பறையையும் கழிப்பறையையும் காட்டிவிடுங்கள்.

பணியாளர் ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதித் தந்தால் பெரிய உதவி. நோயின் பெயர் அதில் ஒரு வரி போதும். எப்படிச் சொன்னால் அவளுக்குப் புரியும், எந்தச் சத்தம் ஆகாது, எப்படி உட்கார்ந்தால் கை நன்றாக வேலை செய்யும், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவாள், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், யாரோடு உட்கார்ந்தால் சிரிப்பாள் என்பதையெல்லாம் எழுதுங்கள். தலைமை ஆசிரியரிடம் ஒரு பிரதி கொடுங்கள், அம்மாவிடம் ஒன்று இருக்கட்டும். வகுப்பாசிரியர் மாறும் ஒவ்வொரு ஜூன் மாதமும் அவருக்கு அது தேவைப்படும்.